அக்காவின் மைக்

என் அத்தானுக்குக் காதுதான் எல்லாம். கண்ணைக் கட்டி வீதியில் விட்டால்கூட, எந்த வீட்டு மின்விசிறிக்கு எண்ணெய் வேண்டும், எந்தக் கடையின் குளிர்பெட்டி சீக்கிரமே மூச்சை விடப்போகிறது என்று சொல்லிக்கொண்டே நடப்பார். அவர் முதல் முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அக்காவைப் பார்த்து என்ன முகம் காட்டுவார் என்று கவனிக்க நான் கதவிடுக்கில் நின்றுகொண்டிருந்தேன். மனிதர் அண்ணாந்து டியூப்லைட்டைப் பார்த்தார். "இது இப்படி இரையுதே, உங்களுக்கெல்லாம் தலை வலிக்கலையா?" என்று கேட்டுவிட்டு ஸ்டூல் போட்டு ஏறிவிட்டார். அவர் இறங்கியபோதுதான் அத்தனை வருடமும் வீட்டில் ஓர் இரைச்சல் இருந்தது என்பதே எங்களுக்கு உறைத்தது. அந்த அமைதியில்தான் அக்கா விழுந்தாள் என்பது என் கணிப்பு. கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

சலவைக் கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவில் அவருடைய கடை. பழைய ரேடியோக்களும் வாய் பிளந்த ஸ்பீக்கர்களும் கூரை வரை அடுக்கியிருக்கும். இரண்டு பேர் உள்ளே போனால் மூன்றாமவர் வாசலில் நின்று பேச வேண்டும். வாரம் முழுக்க அங்கே; ஞாயிற்றுக்கிழமை சபையில். கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு மேசை, அதன்மேல் எல்லா மைக்குகளின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர், அதன் பின்னால் அத்தான். சபையில் அவருக்கு மைக் அண்ணன் என்றுதான் பெயர். ஆராதனை நேரத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருப்பார்கள். அவர் மட்டும் திறந்திருப்பார். எல்லோர் கையும் மேலே இருக்கும். அவர் கை குமிழ்களின்மேல் இருக்கும். ஒரு பாட்டுக்கும் அவர் வாயசைத்து நான் பார்த்ததில்லை. "வாயைத் திறந்தா காது மூடிக்கும்" என்பார்.

அக்கா பாடகர் குழுவில் முன்வரிசை. அவள் குரலைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், சொந்தத் தங்கை சொல்லாமல் யார் சொல்வது. கணீரென்று இருக்கும். பக்கத்துத் தெருவில் போகிறவன் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கணீர். ஆனால் பாட்டு மேலே ஏறும் இடத்தில் ஒரு படி குறைவாகவே போய் நின்றுவிடும். கண்ணை இறுக மூடி, கழுத்து நரம்பு புடைக்க, அந்தக் குறைந்த படியிலேயே நின்று முழங்குவாள். கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிறு இரண்டு பேர் அதைக் கேட்டுச் சிரித்ததை அத்தான் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அக்காவின் மைக்குக்குரிய குமிழ் அடியில்தான் கிடக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன். அவரும் நான் பார்ப்பதைப் பார்த்திருக்கிறார். இருவரும் வாய் திறந்ததில்லை. அக்கா மேடையில் உயிரைக் கொடுத்துப் பாடுவாள். மற்ற மைக்குகளின் சத்தத்தில் சபைக்கு அவள் வாயசைவு மட்டும் வந்து சேரும்.

இப்படி இருக்கும்போதுதான் மலைமேல் இருக்கும் ஒரு சின்ன ஊருக்கு ஊழியப் பயணம் போனோம். காலையில் மருத்துவ முகாம், பொழுது சாயும் நேரத்தில் ஆராதனை. நர்ஸ் வேலை பார்க்கிறவள் என்பதால் நான் முகாமுக்கு, அக்கா பாட்டுக்கு, அத்தான் மைக் செட்டுக்கு. ஒரு டாக்டர், ஒரு வேன் டிரைவர், எங்கள் எல்லோரையும் கட்டி மேய்க்க பாஸ்டர். பாடகர்கள் நாலைந்து பேர் பின் சீட்டில்.

போய் இறங்கும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்குக் கொடுத்த கூடம் முழுக்க மரம். தரை பலகை, சுவர் பலகை, மேலே தகரக் கூரை. அத்தான் தன் மழைக்கோட்டைக் கழற்றி மிக்ஸருக்குப் போர்த்தி, பிள்ளையைத் தூக்குகிறவர்போல் மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார்.

"அத்தான், மிக்ஸருக்குச் சளி பிடிக்காது. கோட்ட நீங்க போடுங்க."

"அதுக்குச் சளி பிடிச்சா உன்னால ஊசி போட்டுச் சரி பண்ண முடியுமா, நர்ஸம்மா?"

அப்படியே நனைந்துகொண்டு வயர் இழுத்தார், பெட்டிகளை ஏற்றினார், "ஹலோ, ஹலோ" சொல்லிப் பார்த்தார். மறுநாள் காலையில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது.

மேடைக்குப் பின்னால் நாற்காலி அடுக்கும் அறை ஒன்று இருந்தது. அதில் ஒரு கட்டில் போட்டு அவரைப் படுக்கவைத்தோம். மேடைக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர்தான். ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் கேட்காமலே உள்ளே வரும். வந்து, அடுக்கியிருந்த நாற்காலிகளுக்கு நடுவே உலாவும். காய்ச்சல் ஏறும்போதெல்லாம் அத்தான் அந்த நாற்காலிகளைப் பார்த்து, "அவங்கள உக்காரச் சொல்லு, ரொம்ப நேரமா நிக்கறாங்க" என்பார். யார் என்று கேட்டாலும் அதையே திரும்பச் சொல்வார். அந்த அறையில் காலை எது மாலை எது என்றே எனக்கும் பிடிபடவில்லை. வெளிச்சம் எப்போதும் ஒரே சாம்பல் நிறமாகவே இருந்தது.

ஒருநாள் காலையில் அவருக்குக் காய்ச்சல் கொஞ்சம் தணிந்திருந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தகரக் கூரையில் மழை அறைந்த இரைச்சலில், பக்கத்தில் இருந்த அக்காவோடு கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அத்தான் கண்ணைத் திறந்தார்.

"மழை நின்னுபோச்சா?" என்று கேட்டார்.

அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா அவர் காதருகில் போய், "என்னங்க" என்றாள். அவர் திரும்பவில்லை. இன்னும் உரக்க, "என்னங்க!" என்றாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். பிறகு அக்காவின் வாயைப் பார்த்தார். அது அசைவதைப் பார்த்தார். அந்த நிமிடம் அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "ரெண்டு காதுலயும் சீழ் கட்டியிருக்கு. முழுசா திரும்பலாம், பாதி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். மருந்து ஒழுங்கா உள்ள போகணும், சாப்பாடு போகணும். உடம்புல தெம்பு இல்லன்னா மருந்து மட்டும் என்ன செய்யும்?" கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் வழியில்லை, மழையில் மலைப்பாதை சரிந்து கிடந்தது.

ஆனால் அத்தான் எதையும் உள்ளே விடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாத்திரையை நாக்கில் வைத்தால் துப்பினார். கஞ்சியை வாயருகே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டார். எழுதிக் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டார். தன் குரல் தனக்கே கேட்காததால் அவர் பேச்சு கூடமெங்கும் முழங்கியது. "காதில்லாத மைக் செட்டுக்காரன் எதுக்கு? என்னை இங்கயே விட்டுட்டுப் போங்க." பாஸ்டர் வந்து தலையில் கைவைத்து ஜெபித்தார். அத்தான் அவர் வாயைப் பார்த்துவிட்டு, மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆண்டவரிடமும்தான். இந்த மனிதரிடம் எடுத்துக்கொள்ள வேறு எதுவுமே கிடைக்கவில்லையா என்று கேட்டேன்.

அத்தான் படுத்ததிலிருந்து ஆராதனை மைக் இல்லாமலே நடந்துகொண்டிருந்தது. மழைச் சத்தத்தில் யார் பாட்டும் எடுபடவில்லை; கத்திக் கத்திப் பாஸ்டரின் தொண்டை கட்டிப்போனதும் வேன் டிரைவரை மிக்ஸர் முன்னால் உட்காரவைத்தார்கள். நல்ல மனிதர், ஆனால் ஹாரனைத் தவிர வேறு எந்தச் சத்தத்தோடும் அவருக்குப் பழக்கமில்லை. பிறகு என்னிடம் சொன்னார்: "எந்தக் குமிழ் யாருதுன்னே தெரியல சிஸ்டர். யாருக்கும் ஓரவஞ்சனை வேண்டாம்னு எல்லாத்தையும் ஒரே மட்டமா மேல தள்ளிட்டேன்."

அன்று என் அக்காவின் குரல் முழுசாக வெளியே வந்தது.

பாட்டு மெதுவாகத்தான் தொடங்கியது. நான் பின்னறையில் அத்தானின் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ஏறும் இடம் வந்தது. அக்கா தன் வழக்கமான குறைந்த படியில் போய் நின்று முழங்கினாள். எனக்குப் பல் கூசியது. மற்ற பாடகர்கள் தடுமாறும் சத்தம் கேட்டது. போச்சு, மானம் போச்சு என்று நினைத்தேன். ஆனால் அடுத்த வரியில் நடந்தது வேறு. கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். அதுவரை முந்தானைக்குள்ளும் போர்வைக்குள்ளும் முணுமுணுத்துக்கொண்டிருந்த அந்த ஊர்க்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் நிற்கிற அம்மாவே இப்படித்தான் பாடுகிறாள் என்றால் நமக்கென்ன என்ற தைரியம் வந்துவிட்டது போலிருக்கிறது. ஆளாளுக்கு வாய்விட்டுப் பாடினார்கள். ஒருவர் குரலும் இன்னொருவர் குரலோடு ஒட்டவில்லை. பனிமூட்டம் கூடத்துக்குள்ளும் வந்திருந்தது. முகங்கள் தெரியாமல் பாட்டு மட்டும் அதற்குள்ளிருந்து எழுந்து வந்தது.

என் பிடியிலிருந்த கை அசைந்தது. திரும்பினேன். அத்தானின் கண் அகலத் திறந்திருந்தது. கையை விடுவித்துக்கொண்டு, விரல்களைப் பலகைச் சுவரில் விரித்து வைத்திருந்தார். ஒரு பலகையை விட்டு அடுத்த பலகைக்கு உள்ளங்கையை நகர்த்தினார். பிறகு ஓரிடத்தில் நிறுத்தினார். நானும் தொட்டுப் பார்த்தேன். பொதுவாக ஓர் அதிர்வு இருந்தது, அவ்வளவுதான். மறுபடி பாட்டு மேலே ஏறியது. அக்கா மறுபடி குறைந்து நின்றாள். அப்போது அந்த ஒரு பலகை மட்டும், ஆணி தளர்ந்திருந்த பலகை, வண்டு பறப்பதுபோல் துடித்தது.

"அவதான்" என்றார் அத்தான். "இது அவளேதான். வேற யாரு பாடினாலும் இந்தப் பலகை இப்படி ஆடாது. சரியான சுருதில போனா இது சும்மா இருக்கும். அவ வழக்கமா விடுற இடத்துல விட்டாத்தான் இது பேசும்."

சொல்லிவிட்டு அழுதார். நெடுநெடுவென்று வளர்ந்த அந்த மனிதர், சுவரில் கை வைத்துக்கொண்டு, மூக்கு ஒழுக அழுதார். பாட்டு முடியும்வரை கையை எடுக்கவில்லை. அடுத்த பாட்டுக்கும் எடுக்கவில்லை. நடுநடுவே அவர் உதடு அசைந்தது. ஜெபித்தாரா, பாட்டின் வரியைத்தான் சொன்னாரா தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

எல்லாம் அடங்கியபின் என்னைப் பார்த்து, "நர்ஸம்மா, நான் எல்லா ஆராதனையிலும் இருந்திருக்கேன். ஒண்ணுலயும் ஆராதிச்சதில்ல. இன்னைக்குத்தான் எனக்குப் பண்றதுக்கு ஒரு வேலையும் இல்லாம இருந்துச்சு" என்றார். கையைச் சுவரிலிருந்து எடுத்தார். பிறகு, "அந்தக் கஞ்சி இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தார். மாத்திரையையும் விழுங்கினார்.

நான் மருந்தை நம்புகிறவள். அந்தச் சீழை வற்றவைத்தது மருந்துதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கடித்த பல்லைத் திறக்க என்னிடம் மருந்து இல்லை. டாக்டரிடமும் இல்லை, பாஸ்டரின் ஜெபத்துக்கும் அது திறக்கவில்லை. அதைத் திறந்தது அந்த ஆணி தளர்ந்த பலகை. ஆண்டவரிடம் போட்ட சண்டையில் நான் பின்வாங்கியது அன்றுதான்.

அதற்குப் பிறகு பொழுது சாய்வதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். தானே தலையணையைச் சுவரோரமாக நகர்த்திக்கொள்வார். தன் கனவுகளை எனக்குச் சொல்வார். கடையில் இருக்கும் ரேடியோக்கள் எல்லாம் விளக்கு எரிந்துகொண்டிருக்கின்றனவாம், ஒன்றும் பேசவில்லையாம். அவர் ஒவ்வொன்றின்மேலும் கை வைக்கிறாராம், உள்ளே யாரோ பாடுவது விரலில் தெரிகிறதாம். "பயமாவே இல்ல" என்றார். கனவு எது, விழிப்பு எது என்று அவரும் பிரிக்கவில்லை. பனிமூட்டம் வந்து அவர் காலடியில் உட்கார்ந்திருக்கும்.

ஒருநாள் ஆராதனைக்கு முன் அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு, போய்வருகிறேன் என்று கையசைக்க வந்தாள். அத்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சபையில உன் மைக்க நான் எப்பவுமே குறைச்சுத்தான் வெச்சேன். கல்யாணமான புதுசுலேருந்தே. யாரும் உன்னப் பார்த்துச் சிரிச்சிடக் கூடாதுன்னு."

ரகசியம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். ஆனால் தன் குரலின் அளவு தெரியாத மனிதர் ஆயிற்றே. கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. அங்கே பேசிக்கொண்டிருந்தவர்கள் கப்சிப் ஆனார்கள். யாரோ இருமினார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பூமி பிளந்து உள்ளே போகலாம் போலவும் இருந்தது.

அக்கா நிதானமாகக் கட்டிலில் உட்கார்ந்தாள். அவர் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

"எனக்குத் தெரியாதா? என் குரல் வெளிய போகலங்கறது பாடுற எனக்குத் தெரியாதா? நான் என்ன, மைக்குக்கா பாடினேன்?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அவளுக்குக் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அத்தான் அவள் வாயையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "என்ன சொல்றா? திட்டுறாளா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் உள்ளங்கையை எடுத்து ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு, மேடைக்குப் போய்விட்டாள். அன்று அந்தப் பலகை நன்றாகவே ஆடியது.

கடைசி மாலை ஆராதனைக்கு அவரே எழுந்து வந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் நடந்தார். டிரைவர் பதறி எழுந்து, "அண்ணே, வாங்க, உங்க எடம்" என்று மிக்ஸரைக் காட்டினார். அத்தான் கையால் வேண்டாம் என்றார். ஊர்க்காரர்களுக்கு நடுவில், தரையில், சப்பணமிட்டு உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் பலகைத் தரையில் பதித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் கண்மூடி ஆராதனையில் பார்த்தது அதுவே முதல் தடவை. பிறகு வாயைத் திறந்து பாடினார்.

அப்படி ஒரு பாட்டை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். எல்லோரும் வரியை முடித்தபின்னும் அவர் அதே வரியில் இருந்தார். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த முதியவர் ஒருவர் அவருக்காகக் கொஞ்சம் நிதானித்தார்; அவரைப் பார்த்து அடுத்தவர் நிதானித்தார்; கடைசியில் கூடமே அவர் வேகத்துக்கு இறங்கி வந்தது. மேடையில் அக்காவும் இறங்கி வந்தாள். பாட்டு அவ்வளவு மெதுவாகப் போனது, முடியவே முடியாதோ என்று தோன்றியது. முடிய வேண்டாம் என்றும் தோன்றியது. வழக்கமாக ஆராதனை நேரத்தில் யாருக்கு மயக்கம் வருகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கிற நான், அன்று யாரையும் பார்க்கவில்லை. கண்ணில் நீர் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை.

பாதையைச் சரிசெய்ததும் கீழே வந்தோம். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். நாளாக நாளாக வலது காது திரும்பியது. கடையில் இருந்தபோது பக்கத்துக் கடையின் இஸ்திரிப் பெட்டி மேசையில் இடித்த சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்து சலவைக்காரரைக் கட்டிக்கொண்டாராம். இடது காது திரும்பவில்லை. இனி திரும்பாது என்றார்கள். "ஒண்ணு போதும். மிச்சத்துக்குக் கை இருக்கு" என்றார் அத்தான்.

மறுபடி அவர் மேசைக்குத் திரும்பிய ஞாயிறு, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேடையில் அக்காவின் காலடியில் புதிதாக ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி, அவளைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். அவள் குரல் அவளுக்கே கேட்பதற்காக. முதல் பாட்டு தொடங்கியது. அடியில் கிடந்தே பழகிய அந்தக் குமிழை அத்தான் இரண்டு விரலால் பிடித்து, மற்றவர்களின் மட்டத்துக்கு மெதுவாக ஏற்றினார். பிறகு மிக்ஸரிலிருந்து கையை எடுத்துவிட்டார். வாயைத் திறந்து, தானும் பாடத் தொடங்கினார்.

மேலே ஏறும் இடம் வந்தது. அக்கா ஏறினாள், நின்றாள், முழங்கினாள். தன் குரல் தன் காலடியிலிருந்து வருவதைக் கேட்டுத் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். ஒரு வரி பாடாமல் நின்றாள். கடைசி வரிசைக்குப் பின்னால் அத்தானைத் தேடினாள். அவர் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். அவளும் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த வரியைப் பிடித்தாள், முன்னைவிட உரக்க.

ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுத் தலைவர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு மேசையை நோக்கி வந்தார். அவருக்கு முன் அக்கா வந்துவிட்டாள். வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த அத்தானின் முன்னால், இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்னங்க, என் குரல் இவ்வளவு மோசமா? தெரிஞ்சேவா ஏத்தி வெச்சீங்க?"

அத்தான் வயரைக் கீழே வைத்தார். முகத்தைத் திருப்பி, இடது காதை அவளிடம் நீட்டினார்.

"என்ன சொல்ற? கேக்கலையே" என்றார்.